முத்திரை விழாத பத்திரம்

"ஒரு முத்திரை குத்த இவ்வளவு பிகுவா சார்?"

ராணுவ ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன்காரர் குரலை உயர்த்தினார். கையில் பவர் பத்திரம். தம்பியின் வீட்டை விற்கவும் அடகு வைக்கவும் அண்ணனுக்கு அதிகாரம் தருகிற பத்திரம். குண்டடிபட்ட தம்பி உள்ளே படுத்திருந்தான், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல்.

பட்டாளத்துக்காரன் நோட்டரியைத் தேடி ஊருக்குள் அலைய வேண்டியதில்லை. எங்கள் முகாமில் சத்தியம் வாங்கவும் முத்திரை குத்தவும் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு. முத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற குமாஸ்தா நான். முகாமில் கேப்டனுக்குப் பெயர் 'கருங்கல்'.

"கையெழுத்துப் போடறவர்கிட்ட நான் தனியா பேசணும். வெளியில இருங்க."

"அப்பா போனப்புறம் அவனைத் தூக்கி வளர்த்தவன் சார் நான். எனக்குத் தெரியாம அவன்கிட்ட என்ன ரகசியம்?"

கேப்டன் என்னையும் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அண்ணன்காரர் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்.

"நாரெல்லாம் எடுத்துக் கொடுத்தாத்தான் தின்பான். சின்ன வயசிலேருந்து அப்படி."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"முத்திரை போட முடியாது."

"ஏன் சார்? காலைலகூட என் கையைப் பிடிச்சுகிட்டு சரின்னு தலையாட்டினானே!"

"முடியாதுன்னா முடியாது."

"காரணம் சொல்லுங்க!"

"சொல்லணும்னு எனக்கு விதி இல்ல. புகார் எழுதணும்னா எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க."

"நீங்கல்லாம் கூடப் பிறந்தவங்களோட வளர்ந்தவங்கதானா?"

உரித்த பழத்தை என் கையில் திணித்துவிட்டு, அவர் விடுவிடுவென்று படியிறங்கிப் போனார்.

"ஒரு வார்த்தை பதமா சொல்லியிருக்கலாம் சார். பாவம், பெத்தவர் மாதிரி துடிக்கிறார்" என்றேன். வயிற்றெரிச்சலில் வந்த தைரியம்.

கேப்டன் மறுபடி அறைக்குள் போனார். இந்த முறை நானும் பின்னாலேயே போனேன்.

கட்டிலில் கிடந்தவன் பதறித் தலையைத் தூக்கினான்.

"அந்த வீடும் போச்சுன்னா என் பொண்டாட்டி, குழந்தையோட எங்க சார் போவா? ஆனா அதை அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வரல... நான்தான் வேண்டாம்னேன்னு அவருக்குத் தெரிஞ்சுடுச்சா?"

கேப்டன் போர்வையை இழுத்துச் சரி செய்தார்.

"இல்லடா. அவர் கோபமெல்லாம் என் மேலதான்."