பகுதிப் பின்னங்கள்

ஐந்தாவது முறை அடித்தபோதுதான் போனை எடுத்தார்கள். எடுத்தது அண்ணன் இல்லை.

அபி பண்பொழி வீட்டின் மாடிப்படியில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் அதுதான். சாரல் படாமல் நோட்டைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள்.

அண்ணன் சுபாஷ் ஜம்முவில் ராணுவத்தில் இருந்தான். ப்ளஸ் ஒன்னில் அவள் கணக்கு குரூப் எடுத்த நாளிலிருந்து அவன்தான் அவளுக்கு டியூஷன். புரியாத கணக்கைக் காலையில் படம் எடுத்து அனுப்புவாள். சாயங்காலம் அவன் கூப்பிட்டு வரிவரியாகச் சொல்லித்தருவான்.

போன வாரம் ஓர் அசமன்பாடு. மைனஸ் இரண்டால் வகுத்தபோது குறியைத் திருப்பிப் போட அவன் மறந்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே போர்டில் எழுதிவிட்டு அபி வகுப்பின் முன் நின்றாள். கடைசி பெஞ்சுவரை சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அவன் ஹலோ சொல்வதற்குள் கொட்டிவிட்டாள்.

“உன்னாலதான் எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. இனிமே நீ சொல்லித்தர வேண்டாம்ணே.”

அவன் பதில் சொல்வதற்குள் வைத்தும்விட்டாள்.

ஆறு நாள் ஆயிற்று. அவன் கூப்பிடவில்லை. இன்று அவளே கூப்பிட்டாள். கையில் ஒரு கணக்கு இருந்தது, அது சாக்குதான்.

போனை எடுத்தவர் ரெஜி என்றார். அண்ணனோடு ஒரே அறையில் இருப்பவர். கேரள எல்லையில் புளியறையைத் தாண்டினால் ஆரியங்காவு, அங்கேதான் அவர் வீடு. சுபாஷ் காவலுக்குப் போயிருக்கிறான், போனைச் சார்ஜில் போட்டிருக்கிறான் என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். வீட்டில் ஏதும் அவசரமா என்று கேட்டார்.

இல்லை, கணக்கு என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். அவளுடைய கணக்கெல்லாம் தனக்கு மனப்பாடம் என்றார். அவர் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். காலையில் படம் வந்ததும் சுபாஷ் அவரிடம்தான் கொண்டுவருவான். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு பேரும் உட்காருவார்கள். தப்பில்லாமல் மூன்று தடவை போட்ட பிறகுதான் அவன் ஊருக்குக் கூப்பிடுவான். போன வாரம் அவர் லீவில் போயிருந்தார். அந்த ஒரு கணக்கைத் தனியாகப் போட்டிருக்கிறான்.

“அவனுக்கும் பரீட்சை உண்டல்லோ. இந்தத் தடவை ப்ளஸ் டூ கணக்கை எப்படியும் பாஸாகணும்னு நிக்கான்.”

“ப்ளஸ் டூவா?” என்றாள் அபி.

அண்ணன் ப்ளஸ் டூ பாஸாகித்தான் பட்டாளத்துக்குப் போனான். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

அவளுக்குத் தெரியாது என்பது ரெஜிக்கு இப்போதுதான் உறைத்தது. தான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் மோளே என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

வைக்கும் முன் அபி ஒன்று மட்டும் கேட்டாள். அண்ணனுக்கு எந்தப் பாடம் வரவில்லை?

பகுதிப் பின்னம் என்றார். எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லையாம். தங்கச்சியிடம் கேட்கலாம் என்று இருந்தானாம். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லையாம்.

அபி நோட்டில் புதுப் பக்கம் எடுத்தாள். ஒரு பின்னத்தை இரண்டாகப் பிரித்து எழுதினாள். வகுப்பில் டீச்சர் தாண்டிப்போகிற வரிகளையும் விடாமல் எழுதினாள். எட்டு வரி வந்தது. அடித்தல் இல்லாமல் இன்னொரு தடவை எழுதிப் படம் எடுத்தாள்.

கீழே என்ன எழுதுவது என்பதற்குத்தான் நேரம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்டால், ரெஜி சொல்லிவிட்டார் என்று அவனுக்குப் புரிந்துவிடும். எழுதினாள், அழித்தாள். கடைசியில் இப்படி அனுப்பினாள்.

“அண்ணே, எனக்கு வருதான்னு போட்டுப் பாத்தேன். தப்பு இருந்தா சொல்லு.”

அம்மா காப்பிக்கு இரண்டு முறை கூப்பிட்டாள். அபி படியை விட்டு எழவில்லை.

ஆறரைக்கு மேல் இரண்டு டிக்கும் நீலமாயின. அவன் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

பிறகு வந்தது.

“நாலாவது வரி எப்படிட்டி வந்துச்சு? எனக்குப் புரியல.”