நட்சத்திரம் போட்ட வரி

கொழுப்புக்கான மாத்திரையை ஒருநாளும் தவறவிடாத கணவர், மாரடைப்பு வந்து கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குழாய்களோடு கிடக்கிறார். வெளியே, ஆயத்த ஆடை ஆலையில் தைத்த சட்டைகளைச் சோதித்து அனுப்பும் மனைவி, மூன்று வருஷத்து ரத்தப் பரிசோதனைத் தாள்களை மடியில் விரித்திருக்கிறாள். குழல்விளக்கில் டாக்டரின் பச்சை மை பளபளக்கிறது. கெட்ட கொழுப்பு குறைந்த வரியில் வருஷம் தவறாமல் ஒரு ‘சபாஷ்’. அடுத்த வரியில், நல்ல கொழுப்பு போதவில்லை என்று ஆய்வகம் அச்சடித்த நட்சத்திரத்தின் பக்கம் அந்த மை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் வந்து, “மாத்திரை நல்லாத்தானேம்மா வேலை செஞ்சுது?” என்கிறார். அவள் எழுந்து தாளை நீட்டுகிறாள். விரல் நட்சத்திரத்தின் மேல் அழுந்தி நிற்கிறது. “காலரை மட்டும் பார்த்துட்டு, கையில தையல் பிரிஞ்சதை விட்டா எனக்கு அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிடும். அது வெறும் சட்டை, டாக்டர்.”