பங்காருபேட்டை தாண்டினதும் தொறக்கற டப்பா

இன்னா ஜென்மமோ அந்த ஹரோல்ட்! பீப்பா மாதிரி உடம்பை வச்சுக்கினு, போயும் போயும் என் புருஷன் டப்பாவையா புடுங்கித் தின்னணும்?

பக்கத்து வூட்டு மமதா சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது. அவங்க ரெண்டு பேரும் போற அதே ரயில்லதான் அவளும் பெங்களூருக்கு வேலைக்குப் போறவ.

"அக்கா, பங்காருபேட்டை தாண்டினதுமே ஹரோல்ட் அங்கிள் உங்க டப்பாவைத் தொறந்துடறாரு. அண்ணன் கையில அங்கிளோட டப்பா. அதுல வெறும் வெள்ளரிக்காயும் அவிச்ச பயறும்தான்."

எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு.

என் வூட்டுக்காரர் மனோகருக்கும் அந்த ஹரோல்டுக்கும் ஒரே கிரானைட் பட்டறையில வேலை. பூரா தூசு. கொஞ்ச நாளா இவரு எளைச்சுக்கினே போறாரு. எங்கப்பா சுரங்கத்துத் தூசைத் தின்னு இப்படித்தான் எளைச்சு எளைச்சுச் செத்தாரு. வெல்லம் தின்னா தூசு எறங்கிடும்னு, ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் எங்கம்மா அவருக்குக் கட்டி கட்டியா குடுப்பாங்க. நானும் வுடல. வெல்லப் பொங்கல், பணியாரம், கடலை உருண்டைன்னு தெனமும் ஏதாச்சும் கட்டி அனுப்பறேன். டப்பா காலியா திரும்பி வர்றதைப் பாத்து சந்தோஷப்பட்டேனே, நான் ஒரு பைத்தியக்காரி!

ஞாயித்துக்கெழமை நேரா ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் ஹரோல்ட் வூட்டுக் கதவைத் தட்டினேன். அவரு சம்சாரம் ஐடா தொறந்தாங்க.

"எங்க உங்க வூட்டுக்காரரு? இருக்கற உடம்பு போதாதாமா அவருக்கு? என் புருஷன் எலும்பும் தோலுமா நிக்கறாரே, கண்ணு தெரியல?"

ஐடா கோவிச்சுக்கல. "உள்ள வாங்க கங்கம்மா"ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க.

"மனோகருக்கு சுகர் ரொம்ப ஏறிப்போச்சு. அதான் எளைக்கறாரு."

"யார் காதுல பூ சுத்தறீங்க? உங்க குண்டு மனுஷனுக்கு வராத சுகர், ஒல்லிக்குச்சி மனோகருக்கு வந்துடுச்சா?"

"பட்டறையில நடந்த மெடிக்கல் கேம்ப்ல டாக்டரே சொன்னாராம். வெள்ளைக்காரங்கள்ல முக்காவாசிப் பேருக்கு நல்லா குண்டான அப்புறம்தான் வருமாம். நம்ப ஊரு ரத்தத்துக்கு ஒல்லியா இருந்தாலும் வந்துடுமாம். உங்கப்பா மாதிரி ஆயிடுவாரோன்னு நீங்க ஏற்கனவே அழுதுக்கினே இருக்கீங்க. உங்ககிட்ட சொல்ல மனோகருக்கு வாய் வரல. ஆசையா கட்டிக் குடுத்ததைக் கொட்டவும் மனசு வரல."

ஐயோ, நானே அவருக்கு வெல்லமா கட்டி அனுப்பிட்டேனே!

"இவருதான், 'குடுடா இங்க, எங்க தாத்தா வெள்ளைக்காரரு, எனக்கு ஒண்ணும் ஆவாது'ன்னு வாங்கித் தின்னாரு"ன்னாங்க ஐடா.

அப்ப உள்ளேருந்து ஹரோல்ட் வந்தாரு. என்னைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பணியாரம் ஏ ஒன் கங்கம்மா!"

ஐடா அவரை ஒரு மொறை மொறைச்சாங்க. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கினாங்க.

"இவரு பாட்டி நம்ப வேலூர்ப் பக்கத்துத் தமிழச்சி. அதை மறந்துட்டாரு. நேத்து டெஸ்ட் எடுத்தோம், இவருக்கும் சுகர் வந்துடுச்சு. இனிமே டப்பாவுல வெல்லம் வைக்காதீங்கம்மா. வச்சீங்கன்னா, மனோகர் தின்னக்கூடாதுன்னு இந்த மனுஷன் இன்னமும் வாங்கித் தின்னுடுவாரு."