கிப்லா பார்த்த போட்டு

மாமல்லபுரம் மணலில், பனங்கட்டைகளின் மேல் இரண்டு பழைய கேபின் போட்டுகள் நிற்கின்றன; ஒன்று பெரிது, ஒன்று சின்னது. வெள்ளைக்காரர்களுக்குக் கடலைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கலாமென்று ஜலாலுதீன் செங்கல்பட்டு வீட்டை விற்றுவிட்டார்; இனிக் குடியிருப்பும் போட்டில்தான். அந்தப் பணம் ஏற்கெனவே போட்டு புரோக்கர் சட்டைப்பையில் இருக்கிறது. பெரிசா சின்னதா என்று முடிவுசெய்வது மட்டும்தான் பாக்கி. அதை அவர் மனைவி பதருன்னிசா, தொழுகைப் பாயை விரித்துப் பார்த்து முடிவுசெய்கிறாள். சின்ன போட்டில் பாயின் ஓரம் சுவரில் மடங்குகிறது. பெரியதில் பாய் முழுசாக விரிகிறது, பக்கத்தில் ஸ்டவ் வைக்கவும் இடமிருக்கிறது. வட்டச் சன்னல் வழியே மாலை வெயில் பாயின் மேல் விழுகிறது. “பெரிசே இருக்கட்டுங்க,” என்கிறாள், வாடகை வீடு பார்த்து முடித்தவள் போல. பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம். “ஏங்க, கடல்ல இது திரும்பிக்கினே இருக்குமே, தொழுவுற திசை, கிப்லா, எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?” ஜலாலுதீன் புரோக்கரைப் பார்க்கிறார். புரோக்கர் வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டு ஆறுதலாகச் சொல்கிறார்: “அதுக்கு இன்னாத்துக்கும்மா பேஜாரு? ஒருவாட்டி பார்த்து விரிச்சிட்டா போதும். ரெண்டு போட்டுமே நவுந்து எத்தினி வருஷமாவுது!” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். வெளியே ஓர் அலை கரைக்கு வந்து திரும்பிப் போவது கேட்கிறது. பதருன்னிசா வெயில் வரும் மேற்குப் பக்கமாகப் பாயைத் திருப்புகிறாள். ஜலாலுதீன் குனிந்து, பாயின் மறுமுனையைப் பிடித்து நேராக்குகிறார்.