ஒரிஜினல் சார்

"திருடனைப் பிடிச்சு வீட்டுலயே உட்கார வச்சிருக்கேன். உடனே கிளம்பி வாங்க வக்கீல் சார்" என்று போனை வைத்தார் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். தப்பித்து ஓடிவிடக் கூடாதென்று கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

திருடனோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் மெக்கானிக். டீ கொடுத்தது செயலாளரின் மனைவி. புருஷன் கண்டுபிடிக்கும் திருடர்களில் அந்த அம்மாவுக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

விஷயம் இதுதான். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து, புது மதர்போர்டு மாட்டிக் கொடுத்தார் மெக்கானிக். போர்டு மாறினால் ஆபரேட்டிங் சிஸ்டம் இது வேறு கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு லைசென்ஸ் நம்பரை மறுபடியும் கேட்கும். செயலாளர் மெக்கானிக்கைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பீரோவிலிருந்த லைசென்ஸ் அட்டையை எடுத்துத் தானே நம்பரை அடித்தார்.

'இந்த நம்பர் ஏற்கெனவே பல கம்ப்யூட்டர்களில் உபயோகத்தில் உள்ளது' என்று வந்தது.

மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்துவிட்டார். பின்னே, குடியிருப்பில் அவருக்குப் பட்டப்பெயரே ஒரிஜினல் சார். திருட்டு சாஃப்ட்வேரைப் பற்றி லிஃப்டில் மாட்டியவர்களிடமெல்லாம் அறுத்துத் தள்ளுவார். போன வருஷம் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில், காசு கொடுத்து லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று முழ நீளத்துக்குப் படம் போட்டு விளக்கினார். அத்தனை வீட்டுக்காரர்களும் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார்கள். அடுத்த வாரமே கட்டடத்தில் ஒரு திருட்டு காப்பிகூட இல்லையென்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே கை வைத்தால்?

"இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்ட வெளியாள் நீ ஒருத்தன்தான். யார் யாருக்கு வித்தே? மரியாதையா சொல்லிடு."

"சார், போன தடவையும் என்னைச் சுவரைப் பாத்துத்தான் நிக்க வச்சீங்க. அந்த அட்டை என்ன கலர்னுகூட எனக்குத் தெரியாது."

"இனிமே இந்த கேட்டைத் தாண்டி உள்ள வந்துடு, பாக்கலாம்."

மெக்கானிக்கின் பிழைப்பில் பாதி இந்தக் கட்டடம்தான். "என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க சார். புள்ளைங்க மேல சத்தியமா நான் எடுக்கலை" என்றார்.

"அவரைப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்றாள் மனைவி.

"பாத்ததுமே தெரிஞ்சுட்டா அப்புறம் போலீஸ் எதுக்கு? நீ சும்மா இரு."

மூன்றாவது மாடி வக்கீல் அரைக்கால் சட்டையோடு வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, செயலாளர் நீட்டிய பேப்பரையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார்.

"நல்லா அழுத்தமா எழுதுங்க. இவனை மட்டுமில்ல, என் நம்பரை யார் யார் போட்டிருக்காங்களோ அத்தனை பேரையும் உள்ள தள்ளணும்."

வக்கீலின் பேனா நின்றது. "அத்தனை பேரையுமா சார்?"

"ஒருத்தரையும் விடக் கூடாது."

வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக்கைப் பார்த்தார், செயலாளரின் மனைவியைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"முதல்ல கதவைத் திறந்து அவரை அனுப்புங்க சார்."

"என்ன, இவனுக்கு வக்காலத்து வாங்குறீங்களா?"

"அவருக்கு இல்ல. எனக்கு, என் பக்கத்து வீட்டுக்கு, ஏன், இந்த மொத்தக் கட்டடத்துக்கும்."

செயலாளர் ஒன்றும் புரியாமல் நின்றார். வக்கீல் அவர் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீங்க குரூப்ல போட்ட படத்துல நம்பர் நல்லாத் தெளிவா விழுந்திருந்துச்சு சார்."