அட்டையில் ஒரு யாளி

"யாளி எங்க?" என்றான் ஹேமநாத்.

நான்சி லேப்டாப்பை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தாள். திரையில் ஒரு கிணறு. சுவரில் கையூன்றி உள்ளே எட்டிப் பார்க்கும் ஒரு பெண். தண்ணீரின் வெளிச்சம் அவள் முகத்தில். அவ்வளவுதான் படம்.

"யாளி இல்லண்ணா."

"வாளு?"

"அதுவும் இல்ல."

ஹேமநாத்துக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறாதா பின்னே? மூன்று வருஷம் ஒத்தை ஆளாக உட்கார்ந்து செய்த கம்ப்யூட்டர் கேம். பேர் 'ஏழு கிணறு'. பொன்னி என்கிற பெண் ஊர் ஊராகப் போய், ஜனங்களோடு பேசிப் பழகி, தூர்ந்துபோன ஏழு கிணற்றிலும் தண்ணீர் வரவைக்க வேண்டும். விளையாடுகிறவர்தான் பொன்னி.

வெள்ளிக்கிழமை ஆன்லைன் கடையில் விற்பனைக்கு வருகிறது. ஓடாவிட்டால் கேமை மூட்டை கட்டிவிட்டு மாமனாரின் ஜெராக்ஸ் கடையில் போய் உட்காருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான். ஆன்லைன் கடையில் கேமுக்கு முகமே இந்த அட்டைப் படம்தான்.

நான்சி தறிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் சேலை பார்டர், புட்டா டிசைன் போட்டுத் தருகிறவள். கண்ணமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். படமும் பிரமாதமாக வரைவாள் என்று யாரோ சொல்ல, போன் பண்ணினான். தன் பேரைச் சொன்னதுமே மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். தங்கமான பொண்ணு என்று அன்றைக்கு நினைத்தான்.

முதலில், கேமில் வரும் பதினோரு பேரையும் அட்டையில் நிறுத்தச் சொன்னான். அவள் வரைந்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கிக் காட்டினாள். சர்க்கரை டப்பாவில் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது.

"கடையில நூறு கேமுக்கு நடுவுல இந்த அளவுலதான் தெரியும். ஒரு ஆளு, அவ செய்யற ஒரு காரியம், எட்ட இருந்து படிக்கிற மாதிரி பேரு. அது போதும்ணா."

அதை ஒப்புக்கொண்டான். ஆனால் யாளியைக் கைவிட அவனுக்கு மனசில்லை.

"போன வாரமே சொன்னேன் இல்ல? வாயில நெருப்போட யாளி, எதிர்ல பொன்னி வாள் புடிச்சிகினு நிக்கணும்னு."

"கேம்ல யாளி எந்த ஊர்ல வருதுண்ணா?"

"வராது."

"பொன்னி எப்ப வாள் எடுப்பா?"

"எடுக்கமாட்டா. இதோ பாரு, அட்டையோட வேலை ஆள உள்ள இழுக்கறது. இழுத்துட்டா மீதிய கேம் பாத்துக்கும். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"வாங்கினவங்க யாளியத் தேடிகினு இருப்பாங்கண்ணா."

"தேடட்டும். அதுக்குள்ள கதை புடிச்சிடும்."

"புடிக்கலன்னா?"

கீழ் வீட்டில் பவர்லூம் தடதடத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே குரலை உயர்த்தினான்.

"கிணத்த எட்டிப் பாக்கற பொண்ணுக்காக எவன் நிக்கப் போறான்? சண்டையே இல்லன்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டிட்டா ஈ காக்கா கூட வராது. சும்மா பேஜார் பண்ணாத நான்சி. நான் கேட்டத வரைஞ்சு குடு. ஜல்தி."

திமிர், என்று தோன்றியது அவனுக்கு. நாலு பேர் டிசைனைப் பாராட்டிவிட்டால் போதும், தலைக்கனம் தானாக வந்துவிடுகிறது.

நான்சி குனிந்து லேப்டாப்பைத் தட்டினாள். இன்னொரு படத்தைத் திறந்தாள்.

யாளி. வாய் நிறைய நெருப்பு. எதிரே கூந்தல் பறக்க, வாளை ஓங்கிய பொன்னி. சுருக்கிக் காட்டினாள். தபால்தலை அளவிலும் யாளியின் கண் ஜொலித்தது.

ஹேமநாத் வாயைப் பிளந்தான். "இதத்தானே கேட்டேன்? வரைஞ்சு வெச்சிகினே ஏன் இவ்ளோ வாதாடற?"

"நீங்க கேட்டீங்க, வரைஞ்சேன். ரெண்டையும் உங்க பென்டிரைவுல போட்டுட்டேன். எது வேணுமோ போட்டுக்கோங்க. யாளியப் போடறதா இருந்தா, 'படம்: நான்சி'ன்னு மட்டும் என் பேரப் போடாதீங்க."

இது அவனுக்கு உறைத்தது. தன்னைப் பார்த்து ஒரு சின்னப் பொண்ணு இப்படிச் சொல்வதா என்று முகம் கறுத்தது.

"இவ்ளோ நியாயம் பேசறவ, நான் போன் பண்ணதும் ஏன் ஒத்துகினே? இன்னா கேமு, எப்படிப்பட்ட ஆளு, ஒண்ணும் கேக்கலையே?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஆறு வருஷம் முன்னாடி நீங்க ஒரு பட்டுக்கடையில இருந்தீங்க இல்லண்ணா?"

இருந்தான். முதலாளியோடு ஒத்துவராமல் பாதியில் நின்ற வேலை. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை.

"எங்க அக்கா கல்யாணப் பொடவை எடுக்க வந்தோம். முதலாளி மேல் மடிப்ப மட்டும் காட்டினாரு. பார்டரு, முந்தி எல்லாம் அசல் பட்டு. எங்கப்பா பணத்தையே எடுத்துட்டாரு. நீங்கதான், முதலாளி எதிர்லயே, 'உள் மடிப்பையும் பிரிச்சுப் பாருங்க'ன்னு சொன்னீங்க."

ஹேமநாத்தின் கை மௌஸை விட்டு மெல்ல இறங்கியது.

"பிரிச்சா உள்ள பூரா கலப்பு நூலு. அன்னிக்கே உங்கள வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னு அப்புறமாத்தான் கேள்விப்பட்டோம். உங்க பேரும் அப்பத்தான் தெரிஞ்சுது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், செருப்பை மாட்டியபடியே சொன்னாள்.

"அந்த அண்ணன்தான் கூப்பிடறாருன்னு நெனச்சு ஒத்துகினேன்."