கொடுப்பினை

மாமல்லபுரம் கடற்கரையில் பெண்களுக்கான ஓட்டப்பந்தயம். மகள் ஜெபாவின் தலைக்கு மேல் குடை பிடித்தபடி நின்றாள் எல்லம்மாள்.

முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தை மூடிய மெல்லிய துப்பட்டா, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஜெபாவின் உடம்பில் வெயில் பட இடமே இல்லை.

"இன்னா ஆன்ட்டி, பொண்ணு கறுத்துடும்னு பயமா? கிரீம் விளம்பரத்துக்கு அனுப்ப வேண்டியதுதானே!" என்றாள் பிரதீபா, போன வருடம் ஜெயித்தவள்.

எல்லம்மாளுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லப்போனவளை ஜெபா தடுத்தாள்.

"வுடும்மா. ஓடிட்டு வந்து பேசிக்கிறேன்."

விசில் ஒலித்தது. ஜெபா ஓடினாள். முதல் ஆளாக வந்து ரிப்பனைத் தொட்டாள்.

அடுத்ததாக மூச்சிரைக்க வந்த பிரதீபா, "ஜெயிச்சிட்டே. இப்பவாவது மூஞ்சியக் காட்டு. எவ்ளோ கலரா கீறேன்னு பார்க்கலாம்" என்றாள்.

எல்லம்மாள் குடையோடு ஓடி வந்தாள். அந்த நிழலில் ஜெபா தொப்பியையும் துப்பட்டாவையும் கண்ணாடியையும் கழற்றினாள்.

தலைமுடி, புருவம், இமை எல்லாமே வெள்ளை. பிறவியிலேயே தோலில் நிறம் இல்லாதவள்.

பிரதீபா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"வெயில் பட்டா நீ கறுத்துடுவே, நான் வெந்துடுவேன்" என்று சிரித்தாள் ஜெபா. "கறுக்கறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்க்கா. எனக்கு அது இல்ல. கப்பு போதும்!"